பின்னால் லா ஸ்கூல் அல்லது பிஎச்டி என்றால், இப்போது எந்தக் கல்லூரி?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். குடும்பம் டெக்ஸாஸில், ஃப்ரிஸ்கோவில் இருக்கிறது. மகள் பன்னிரண்டாம் வகுப்பு. மூன்று கல்லூரிகளில் இடம் கிடைத்திருக்கிறது. வாஷிங்டனில் ஜார்ஜ்டவுன்: உதவித்தொகை எதுவும் இல்லை, ஆண்டுக்கு 90,000 டாலருக்கு மேல். அயோவாவில் கிரினெல்: ஸ்காலர்ஷிப் போக ஆண்டுக்கு 45,000. வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் யூடி டாலஸ் (டெக்ஸாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தின் டாலஸ் வளாகம்): கல்விக் கட்டணம் முழுவதும் தள்ளுபடி. பெற்றோர் 529 என்ற கல்விச் சேமிப்புக் கணக்கில் சேர்த்து வைத்திருப்பது 1,60,000 டாலர். பெண்ணுக்கு அரசியல் அறிவியலில் ஆசை; அப்புறம் லா ஸ்கூல், இல்லாவிட்டால் பிஎச்டி. மே 1க்குள் பதில் சொல்ல வேண்டும். "பெரிய பெயர் உள்ள கல்லூரியில் படித்தால்தான் நல்ல லா ஸ்கூல் கிடைக்கும் என்று எல்லாரும் சொல்கிறார்கள், நிஜமா?" என்று அப்பா கேட்டிருக்கிறார்.

பதினெட்டு வருடமாக ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் இந்த இரண்டு வழிகளிலும் போகிற பிள்ளைகளுக்கு ஆலோசனை சொல்லும் வேலையில் இருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. லா ஸ்கூலும் பிஎச்டியும் ஒரே வாசல் இல்லை. "மேல்படிப்பு" என்று நாம் ஒரே சொல்லில் இரண்டையும் அடக்கிவிடுகிறோம். உள்ளே எடுக்கிறவர்கள் வேறு, அவர்கள் பார்ப்பது வேறு, பணம் வரும் வழியும் வேறு. தனித்தனியாகப் பார்த்தால்தான் உங்கள் கேள்விக்குப் பதில் வரும்.

லா ஸ்கூலை எடுத்துக்கொள்வோம். அங்கே எண்கள்தான் பேசும். ஒன்று எல்சாட் என்ற லா ஸ்கூல் நுழைவுத் தேர்வின் மதிப்பெண், 120 முதல் 180 வரை. இன்னொன்று இளநிலைப் படிப்பின் ஜிபிஏ, அதாவது கிரேடுகளின் சராசரி. அங்கீகாரம் பெற்ற ஒவ்வொரு லா ஸ்கூலும் சேர்ந்த மாணவர்களின் நடு மதிப்பெண்களை (பாதிப் பேர் அதற்கு மேல், பாதிப் பேர் கீழ்) ஆண்டுதோறும் அமெரிக்க பார் அசோசியேஷனின் விதிப்படி வெளியிட வேண்டும். தரவரிசைப் பட்டியல்களும் அதே எண்களை எடுத்துக்கொள்கின்றன. அதனால் சேர்க்கை அலுவலகத்துக்கு அந்த நடு எண் குறையக்கூடாது என்ற கவலை எப்போதும் உண்டு. ஹார்வர்ட், யேல் போன்ற இடங்களில் எல்சாட் நடு எண் 174ஐ ஒட்டி இருக்கிறது, ஜிபிஏ 3.9க்கு மேல். ஜார்ஜ்டவுனில் 3.6 வாங்கிய பிள்ளையையும் யூடி டாலஸில் 3.95 வாங்கிய பிள்ளையையும் அவர்கள் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், "முதல் கல்லூரி கடினமானதாயிற்றே" என்று இரக்கப்படுவதற்கு ஓரளவுதான் இடம் இருக்கிறது. வெளியிடப்போகிற அட்டவணையில் 3.6 என்பது 3.6 தான். கல்லூரியின் பெயருக்கு அங்கே தனிக் கட்டம் கிடையாது.

பெயருக்கு மதிப்பே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். விண்ணப்பத்தோடு போகும் அறிக்கையில், அந்தக் கல்லூரியிலிருந்து விண்ணப்பித்தவர்கள் பொதுவாக எல்சாட்டில் எவ்வளவு வாங்குகிறார்கள், இந்தப் பிள்ளையின் ஜிபிஏ அவர்களுக்கு நடுவே எங்கே நிற்கிறது என்ற விவரமும் இருக்கும். படித்துப் பார்ப்பவர் அதைக் கவனிப்பார். ஆனால் அது ஊறுகாய் மாதிரி. சாப்பாடு எல்சாட்டும் ஜிபிஏவும்.

இந்த ஜிபிஏ விஷயத்தில் பெரும்பாலான பெற்றோருக்குத் தெரியாத ஒரு சங்கதி இருக்கிறது. டெக்ஸாஸில் இருக்கிற உங்களுக்கு அது முக்கியம். கல்லூரி கொடுக்கிற ஜிபிஏவை லா ஸ்கூல்கள் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. எல்சாட்டை நடத்தும் எல்சாக் என்ற அமைப்பு எல்லா ட்ரான்ஸ்கிரிப்ட்டையும் (மதிப்பெண் பட்டியல்) வாங்கித் தன் கணக்குப்படி திரும்பக் கூட்டும். முதல் இளநிலைப் பட்டம் வாங்குவதற்கு முன்பு எந்தக் கல்லூரியில் எடுத்த பாடமாக இருந்தாலும் கணக்கில் வரும். உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போதே பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில் எடுக்கிற டூயல் கிரெடிட் பாடங்களும் அதில் அடக்கம். என்னிடம் ஒரு பையன் வந்தான். கல்லூரியில் 120 க்ரெடிட், 3.92. கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போன்ற ட்ரான்ஸ்கிரிப்ட். பதினாறு வயதில் விளையாட்டாக எடுத்த நான்கு டூயல் கிரெடிட் பாடங்களில் நான்கும் சி. 12 க்ரெடிட்தான். அதைச் சேர்த்துக் கூட்டியதும் 3.75க்கு இறங்கிவிட்டது. அவன் சேர நினைத்த இடங்களின் நடு எண்ணுக்கு மேலே இருந்தவன் கீழே போய்விட்டான். அவன் பட்டம் வாங்கிய கல்லூரியின் ட்ரான்ஸ்கிரிப்ட்டில் அந்தப் பாடங்களுக்கு கிரேடே இல்லை, வெறும் க்ரெடிட் மட்டும்தான். அதனால் போய்விட்டது என்று நினைத்திருந்தான்.

உங்கள் பெண் டூயல் கிரெடிட் எடுத்திருந்தால் அந்த ட்ரான்ஸ்கிரிப்ட்டை இப்போதே வரவழைத்துப் பாருங்கள். பள்ளியிலேயே நடக்கும் கல்லூரித் தர ஏபி பாடங்களைப் பற்றிக் கவலை வேண்டாம், அவற்றுக்குக் கல்லூரி கிரேடு கிடையாது. இன்னொன்று: கல்லூரி ஏ பிளஸ் கொடுத்தால் எல்சாக் அதை 4.33 என்று கணக்கிடும். ஏ பிளஸ்ஸே இல்லாத கல்லூரியில் எவ்வளவு முட்டினாலும் 4.0தான் உச்சம். ஒரு பாடத்தில் தோற்று, திரும்ப எடுத்து ஏ வாங்கினால் கல்லூரி பழையதை மறந்துவிடலாம். ட்ரான்ஸ்கிரிப்ட்டில் இரண்டும் தெரிந்தால் எல்சாக் இரண்டையும் கூட்டும். கஞ்சத்தனமாக கிரேடு போடும் கல்லூரிகளும் உண்டு. பிரின்ஸ்டன் 2004 முதல் 2014 வரை ஏ வகை கிரேடுகள் 35 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று துறைகளுக்கு ஒரு வரம்பே வைத்திருந்தது. மாணவர்களுக்கு அது பெரிய மனக்குறையாக இருந்தது, பிறகு கைவிட்டார்கள்.

"ப்ரீ-லா" என்ற பட்டப் பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். மருத்துவத்துக்கு இருப்பது போல இன்ன இன்ன பாடம் படித்திருக்க வேண்டும் என்ற விதி சட்டத்துக்கு இல்லை. பார் அசோசியேஷனே எந்த மேஜரையும் பரிந்துரைப்பதில்லை. தத்துவம், கணிதம், இயற்பியல் படித்தவர்கள் எல்சாட்டில் நன்றாகச் செய்வதைப் பல வருடமாகப் பார்க்கிறேன். தர்க்கத்தைப் பிடித்துக்கொண்டு போகிற பழக்கம் அவர்களுக்கு வந்துவிடுகிறது. 2024 ஆகஸ்டில் லாஜிக் கேம்ஸ் என்ற புதிர்ப் பகுதியை எடுத்துவிட்டார்கள். இப்போது வாதங்களைப் பிரித்துப் பார்ப்பதும் வாசித்துப் புரிந்துகொள்வதும் மட்டும்தான். அடர்த்தியான உரைநடையை நாலு வருடம் படித்துப் பழகியவளுக்கு இது சாதகம். (பக்கவாட்டில் ஒன்று: "இன்ஜினியரிங் படித்துவிட்டு லா போகலாமா" என்று நம் ஊர்க்காரர்கள் அடிக்கடி கேட்பார்கள். தாராளமாக. அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தில் கண்டுபிடிப்புகளுக்குக் காப்புரிமை வாங்கித் தரும் வழக்கறிஞராக வேண்டும் என்றால் அறிவியல் அல்லது பொறியியல் படிப்பே தேவை. அவர்களுக்குக் கிராக்கியும் உண்டு.)

பிஎச்டி கதை முழுக்க வேறு. அங்கே சேர்க்கை அலுவலகம் என்பது பெயருக்குத்தான். முடிவெடுப்பது துறையின் பேராசிரியர்கள். அவர்களிடம் இருக்கும் கேள்வி ஒன்றுதான்: இந்தப் பெண்ணுக்கு ஆராய்ச்சி என்றால் என்னவென்று தெரியுமா, ஐந்தாறு வருடம் தாக்குப் பிடிப்பாளா? அதற்குச் சான்று மூன்று பரிந்துரைக் கடிதங்கள், அவள் எழுதிய ஒரு கட்டுரை, யாருடனாவது சேர்ந்து செய்த ஆய்வு வேலை. 3.8க்கும் 3.95க்கும் உள்ள வித்தியாசத்தை அங்கே யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. "என் வகுப்பில் ஏ வாங்கினாள், நல்ல பெண்" என்ற கடிதம் அங்கே செல்லாக் காசு. "என்னோடு இரண்டு கோடை வேலை செய்தாள், என் தரவில் இருந்த ஒரு தவறைக் கண்டுபிடித்தாள்" என்ற கடிதம்தான் வேலை செய்யும்.

அப்படி ஒரு கடிதம் எழுதும் அளவுக்கு ஒரு பேராசிரியர் அவளை அறிந்திருக்க வேண்டும். இங்கேதான் கிரினெல் போன்ற சின்னக் கல்லூரிகள் நிமிர்ந்து நிற்கின்றன. பட்டம் வாங்கியவர்களில் எத்தனை பங்கு பேர் பின்னால் பிஎச்டி முடித்தார்கள் என்று கணக்குப் பார்த்தால் கால்டெக், ஹார்வி மட், ரீட், ஸ்வார்த்மோர், கார்ல்டன், கிரினெல் என்ற பெயர்கள் திரும்பத் திரும்ப மேலே வரும். பாதிப் பெயர்கள் ஃப்ரிஸ்கோ பொங்கல் விழாவில் யாருக்கும் தெரிந்திருக்காது. கால்டெக்கைத் தவிர மற்ற இடங்களில் முதுநிலை மாணவர்களே கிடையாது அல்லது மிகக் குறைவு. பேராசிரியருக்கு ஆய்வில் கை கொடுக்க இளநிலை மாணவர்கள்தான் கிடைப்பார்கள். வகுப்பில் பதினைந்து பேர் இருந்தால் ஒளிந்துகொள்ளவும் முடியாது. ஆராய்ச்சி ஆசை உள்ள பிள்ளைகளே இந்தக் கல்லூரிகளைத் தேடிப் போகிறார்கள் என்பதும் உண்மைதான். எனவே அந்தப் பெருமை முழுவதையும் கல்லூரிக்கே கொடுத்துவிடவும் கூடாது.

பெரிய பல்கலைக்கழகத்திலும் இதற்கு வழி உண்டு, தேடிப் போக வேண்டும், அவ்வளவுதான். பால்டிமோர் பக்கத்தில் யூஎம்பிசி என்று ஒரு மாநிலப் பல்கலைக்கழகம். அங்கே 1980களின் கடைசியில் மேயர்ஹாஃப் திட்டத்தைத் தொடங்கினார்கள். அறிவியலில் பிஎச்டிக்குப் போகும் நோக்கத்தோடு பிள்ளைகளைக் கூட்டமாகச் சேர்த்து, முதல் வருடத்திலிருந்தே ஆய்வகத்தில் விட்டு வளர்த்தார்கள். குறிப்பாகக் கறுப்பின மாணவர்களை நாட்டின் பெரிய ஆய்வுக் கூடங்களுக்கு அது வரிசையாக அனுப்பியது. பிறகு மற்ற பல்கலைக்கழகங்கள் அதைப் பார்த்து நகல் எடுத்தன. பெயர் சொன்னால் ஊரார் "எங்கே இருக்கிறது அது?" என்று கேட்கும் கல்லூரி அது.

உங்கள் பெண்ணின் துறையைப் பற்றி ஒரு வார்த்தை. அரசியல் அறிவியல் பிஎச்டி என்றால் இப்போது புள்ளியியல், கால்குலஸ், கொஞ்சம் லீனியர் அல்ஜீப்ரா, ஆர் மொழியில் நிரல் எழுதத் தெரிவது எல்லாம் எதிர்பார்க்கிறார்கள். அரசியல் கோட்பாடு பக்கம் போனால் மட்டும் கொஞ்சம் தப்பிக்கலாம். இது தெரியாமல் நாலு வருடம் வெறும் விவாதமும் கட்டுரையுமாகக் கழித்துவிட்டுக் கடைசி வருடத்தில் விழிக்கிற பிள்ளைகளைப் பார்க்கிறேன். எந்தக் கல்லூரியில் சேர்ந்தாலும் முதல் வருடத்திலேயே கணிதத்தைக் கைவிடக்கூடாது என்று சொல்லி வையுங்கள்.

சரி, பணம். உங்கள் கேள்வியின் உயிர் உண்மையில் இங்கேதான் இருக்கிறது.

நல்ல பிஎச்டிக்கு நாம் பணம் கட்டுவதில்லை. கட்டணம் தள்ளுபடி, மேலே மாதச் சம்பளம் மாதிரி ஒரு தொகை. பணம் கட்டச் சொல்லும் பிஎச்டியாக இருந்தால் "வேண்டாம்" என்று அர்த்தம். (2025இல் ஆராய்ச்சி நிதி வெட்டப்பட்டபோது பல பல்கலைக்கழகங்கள் பிஎச்டி இடங்களைக் குறைத்தன. போட்டி கூடியிருக்கிறது. இதையும் மனதில் வையுங்கள்.) லா ஸ்கூலுக்கோ நாம்தான் கட்ட வேண்டும். முன்னணித் தனியார் லா ஸ்கூல்களில் தங்கும் செலவும் சேர்த்து ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலரைத் தாண்டிவிட்டது. மூன்று வருடம். இதுவரை கிராட் பிளஸ் என்ற அரசுக் கடன் இருந்ததால் முழுச் செலவையும் கடனாகவே எடுக்க முடிந்தது. 2025 ஜூலையில் வந்த சட்டம் அதை மூடிவிட்டது. 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குபவர்களுக்கு அது கிடையாது. சட்டம், மருத்துவம் போன்ற படிப்புகளுக்கு அரசுக் கடன் ஆண்டுக்கு 50,000, மொத்தம் 2,00,000 டாலர் என்று வரம்பு. மற்ற முதுநிலைப் படிப்புகளுக்கு ஆண்டுக்கு 20,500, மொத்தம் 1,00,000. பெற்றோர் எடுக்கும் பேரன்ட் பிளஸ் கடனுக்கும் ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 20,000, மொத்தம் 65,000 என்று உச்சவரம்பு வந்துவிட்டது. உங்கள் பெண் லா ஸ்கூலுக்குப் போகும் 2030ஐ ஒட்டிய காலத்தில் இந்தச் சட்டம்தான் நடப்பில் இருக்கும் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள்.

இப்போது உங்கள் 1,60,000ஐ எடுத்துக்கொள்வோம். ஜார்ஜ்டவுனில் அது இரண்டாம் வருடம் முடிவதற்குள் தீர்ந்துவிடும். மீதி இரண்டு வருடத்துக்கு 2,00,000 டாலரை உங்கள் சம்பளத்திலிருந்தும் கடனிலிருந்தும் புரட்ட வேண்டும். மகள் தன் பெயரில் எடுக்கக்கூடிய அரசுக் கடன் இளநிலை முழுவதற்கும் சேர்த்து 31,000தான். அப்புறம் கை வெறுமையாக லா ஸ்கூல் வாசலில் நிற்பாள். கிரினெலில் நாலு வருடத்துக்கு 1,80,000. 529 தீர்ந்து கொஞ்சம் கையைக் கடிக்கும், சமாளித்துவிடலாம். யூடி டாலஸில் வீட்டிலிருந்து போனால் 529ஐ ஏறக்குறையத் தொடாமலே வைத்திருக்கலாம். பலர் மறந்துவிடுகிற விஷயம் இது: 529 பணத்தை லா ஸ்கூலுக்கும், வேறு முதுநிலைப் படிப்புக்கும் வரி இல்லாமல் செலவிடலாம். அவள் பிஎச்டிக்குப் போய்ப் பணமே தேவைப்படாமல் போனால், கணக்குத் தொடங்கி 15 வருடம் ஆகியிருக்கும் பட்சத்தில் 35,000 டாலர் வரை அவள் பெயரில் ராத் ஐஆர்ஏ என்ற ஓய்வுகாலச் சேமிப்புக் கணக்குக்கு மாற்றும் வழியும் 2024 முதல் இருக்கிறது.

இன்னொரு கணக்கும் இதோடு சேரும். ஹார்வர்ட், யேல், ஸ்டான்ஃபோர்ட் லா ஸ்கூல்கள் மூன்றும் தேவையைப் பார்த்துத்தான் உதவி தருகின்றன. அதற்குக் கீழே உள்ள மிக நல்ல இடங்கள் எல்லாம் எல்சாட்டும் ஜிபிஏவும் நன்றாக இருக்கும் பிள்ளைகளை ஸ்காலர்ஷிப் கொடுத்து இழுக்கின்றன. நடு எண்ணை உயர்த்த அவர்களுக்கு அந்தப் பிள்ளை தேவை. எனவே ஒவ்வொரு ஏ கிரேடும் பின்னால் டாலராகத் திரும்பி வரும். கல்லூரியில் முக்கி முனகி 3.5 வாங்குவதைவிட, ஆசையோடு படித்து 3.9 வாங்கக்கூடிய இடம் லா ஸ்கூல் நோக்கில் மேலானது என்று நான் சொல்வது இதனால்தான்.

கடன் ஏன் இவ்வளவு முக்கியம்? சட்டம் படித்தவர்களின் முதல் சம்பளம் இரண்டு குவியலாக இருக்கும், நடுவே ஆள் குறைவு. பெரிய நிறுவனத்தில் சேர்ந்தால் முதல் வருடமே 2,25,000 டாலர். அரசு வழக்கறிஞர், ஏழைகளுக்கு வாதாடும் பொது வழக்கறிஞர், சின்ன அலுவலகம் என்றால் அதில் பாதிகூட வராது. பதினேழு வயதில் "மனித உரிமை வழக்கறிஞராக வேண்டும்" என்று சொல்கிற பெண், இருபத்தைந்து வயதில் மூன்று லட்சம் டாலர் கடனோடு எந்தக் குவியலைத் தேர்ந்தெடுப்பாள் என்று யோசியுங்கள். நான் பார்த்த பிள்ளைகளில் பலர் அந்த இடத்தில்தான் பாதை மாறினார்கள். பெற்றோர் அதைச் "செட்டில் ஆகிவிட்டாள்" என்று சொல்லிக்கொண்டார்கள்.

இனி, பெரிய பெயர் வேண்டும் என்று எல்லாரும் சொல்வதாக எழுதியிருந்தீர்களே, அதற்கு வருகிறேன். அவர்கள் முழுப் பொய் சொல்லவில்லை. ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் என்ற இரு பொருளியலாளர்கள் 2002இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பெரிய கல்லூரிகளில் இடம் கிடைக்கும் தகுதியோடு இருந்தும் வேறு கல்லூரிக்குப் போனவர்கள், பெரிய கல்லூரிக்குப் போனவர்கள் அளவுக்கே பின்னால் சம்பாதித்தார்கள் என்பது அதன் முடிவு. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் பெரிய கல்லூரி பலன் தந்தது. இருபது வருடம் எல்லாரும் இதைத்தான் மேற்கோள் காட்டிக்கொண்டிருந்தோம். 2023இல் ராஜ் செட்டி, டேவிட் டெமிங், ஜான் ஃப்ரீட்மன் மூவரும் வேறு ஒரு வழியில் பார்த்தார்கள். ஐவி பிளஸ் என்ற பன்னிரண்டு கல்லூரிகளில் காத்திருப்புப் பட்டியலில் இருந்தவர்களில் இடம் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் ஒப்பிட்டார்கள். சராசரிச் சம்பளத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் முன்னணி முதுநிலைப் படிப்புகளில் சேரும் வாய்ப்பு ஏறக்குறைய இரட்டிப்பாக இருந்தது. ஆக, பெயருக்குப் பலன் உண்டு என்றுதான் இப்போது சொல்ல வேண்டியிருக்கிறது. கவனியுங்கள், அந்தப் பன்னிரண்டில் ஜார்ஜ்டவுன் இல்லை. எட்டு ஐவி லீக், ஸ்டான்ஃபோர்ட், எம்ஐடி, டியூக், சிகாகோ, அவ்வளவுதான். உங்கள் பெண்ணுக்குக் கிடைத்தது யேல் என்றால் இந்தப் பதிலின் தொனி வேறாக இருந்திருக்கும். ஐவி லீக்கில் உங்கள் வருமானத்துக்குத் தகுந்த உதவியும் ஒருவேளை கிடைத்திருக்கும்.

ஆட்களைக் காட்டி வாதாடுவது எனக்குப் பிடிக்காது, விதிவிலக்குகளை எந்தப் பக்கத்துக்கும் காட்டலாம். இருந்தாலும் வீட்டில் பேசும்போது உதவும் என்பதால் சிலரைச் சொல்கிறேன். உச்ச நீதிமன்ற நீதிபதி ஏமி கோனி பாரெட் மெம்ஃபிஸில் ரோட்ஸ் என்ற சின்னக் கல்லூரியில் படித்து, நோட்ர டேம் லா ஸ்கூலுக்குப் போனவர். கமலா ஹாரிஸ் ஹோவர்டில் 1986இல் பட்டம், 1989இல் சான் ஃபிரான்சிஸ்கோவின் ஹேஸ்டிங்ஸ் லா ஸ்கூலில் சட்டம். 'டி-14' என்று சொல்லப்படும் முன்னணிப் பதினாலு லா ஸ்கூல்களின் பட்டியலில் அது என்றைக்கும் இருந்ததில்லை. அவருடைய அம்மா சியாமளா கோபாலன் டெல்லி லேடி இர்வின் கல்லூரியில் மனையியல் படித்துவிட்டு பெர்க்லி வந்து 1964இல் டாக்டர் பட்டம் வாங்கினார். அந்தக் காலத்தில் மனையியல் என்றால் நம் வீடுகளில் என்ன சொல்லியிருப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் பரோடாவில் பிஎஸ்சி, ஓஹையோ பல்கலைக்கழகத்தில் பிஎச்டி (ஓஹையோ ஸ்டேட் இல்லை, அதைவிடச் சின்னது), 2009இல் நோபல். எதிர்ப்பக்கத்துக்கும் ஒருவரைச் சொல்கிறேன். திருநெல்வேலி வேர்கள் உள்ள நீதிபதி ஸ்ரீ சீனிவாசன் இளநிலை, சட்டம் இரண்டும் ஸ்டான்ஃபோர்ட்.

என் முடிவு என்ன? அவள் "நிச்சயம் பிஎச்டிதான்" என்று உறுதியாக இருந்திருந்தால் கிரினெல் என்று யோசிக்காமல் சொல்லியிருப்பேன். நிச்சயம் சட்டம் என்றால் யூடி டாலஸ். இரண்டில் எது என்று தெரியாத பதினேழு வயதுப் பெண் என்பதால், யூடி டாலஸ் பக்கம் சாய்கிறேன், சில நிபந்தனைகளோடு. அங்கே அரசியல் அறிவியலில் பிஎச்டி படிப்பு நடக்கிறது, புள்ளியியல் சார்ந்த பாடங்களுக்குப் பஞ்சம் இல்லை. அதாவது ஆய்வு செய்யும் ஆட்கள் கட்டிடத்திலேயே இருக்கிறார்கள். அவள் இரண்டாம் வருடமே ஒரு பேராசிரியரின் கதவைத் தட்டும் சுபாவம் உள்ளவளா? அப்படியென்றால் பிழைத்துக்கொள்வாள். கடைசி வரிசையில் உட்கார்ந்து நன்றாகப் படித்து ஏ வாங்கிக்கொண்டு யாரிடமும் பேசாமல் வரும் பெண் என்றால், பெரிய பல்கலைக்கழகம் அவளை நாலு வருடம் கண்டுகொள்ளாமலே பட்டம் கொடுத்து அனுப்பிவிடும். அவளுக்கு கிரினெலுக்குக் கூடுதலாகத் தரும் பணம் வீண் இல்லை. இதை உங்களைவிட அவளுடைய பள்ளி ஆசிரியர் ஒருவர் சரியாகச் சொல்வார். கேட்டுப் பாருங்கள்.

வீட்டிலிருந்து போவதைப் பற்றியும் யோசியுங்கள். பணம் மிச்சம்தான். ஆனால் மாலை ஐந்து மணிக்கு டோல்வேயில் காரை எடுத்துவிடும் பிள்ளைக்கு மூட் கோர்ட் (மாதிரி நீதிமன்றம்) பயிற்சி, பேராசிரியரோடு காபி, நூலக நண்பர்கள் எல்லாம் தவறிப்போகும். முதல் இரண்டு வருடமாவது வளாகத்தில் தங்க விடுங்கள். அந்தச் செலவு 529க்குத் தாங்கும். அம்மாவுக்குத்தான் கஷ்டமாக இருக்கும்.

கேட்க வேண்டிய கேள்விகள் சில இருக்கின்றன. வளாகச் சுற்றுலாவில் பின்னோக்கி நடந்துகொண்டே பேசும் மாணவரிடம் கேட்டுப் பயனில்லை, துறைக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். போன வருடம் உங்கள் துறையில் எத்தனை பேர் ஹானர்ஸ் ஆய்வேடு எழுதினார்கள்? முதல் வருடப் பாடங்களில் வகுப்புக்கு எத்தனை பேர்? லா ஸ்கூல் விண்ணப்பதாரர்களுக்குத் தனி ஆலோசகர் உண்டா, அவர் எத்தனை பேரைப் பார்க்கிறார்? ஏ பிளஸ் உண்டா? ஸ்காலர்ஷிப் தொடர எந்த ஜிபிஏ வேண்டும், ஒரு செமஸ்டர் சறுக்கினால் திருத்திக்கொள்ள அவகாசம் தருவார்களா? கடைசிக் கேள்வியைக் கேட்காமல் சேர்ந்து, இரண்டாம் வருடம் ஸ்காலர்ஷிப்பை இழந்த குடும்பங்களை எனக்குத் தெரியும்.

உங்கள் மகள் இங்கே பிறந்தவள் என்று எழுதியிருந்தீர்கள். எச்-4 விசாவில் (எச்-1பி விசாவில் வேலை செய்பவரின் குடும்பத்துக்கான விசா) உள்ள பிள்ளைகளின் பெற்றோரும் இதைப் படிக்கலாம் என்பதால் ஒரு பத்தி. உங்களுக்கு மேலே சொன்ன அரசுக் கடன் எதுவும் கிடையாது. தேசிய அறிவியல் நிறுவனம் நடத்தும் ஆர்இயு கோடை ஆய்வுத் திட்டங்களும் அதன் பிஎச்டி ஃபெலோஷிப்பும் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் மட்டும்தான். 21 வயதில் எச்-4 முடிந்து மாணவர் விசாவுக்கு மாற வேண்டியிருக்கும், அது கல்லூரியின் நடுவிலேயே வரும். அதனால் கல்லூரி தன் சொந்தப் பணத்தில் மாணவருக்கு ஆய்வு வாய்ப்பு தருகிறதா என்பது உங்களுக்கு மற்றவர்களைவிட இரண்டு மடங்கு முக்கியம். பணக்காரச் சின்னக் கல்லூரிகள் பெரும்பாலும் தருகின்றன.

நம் வீடுகளில் "பிரேக்" என்றாலே பயம் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். முன்னணி லா ஸ்கூல்களில் சேர்கிறவர்களில் பெரும்பாலோர் கல்லூரி முடித்து ஓரிரு வருடம் வேலை பார்த்துவிட்டு வருகிறவர்கள். எல்சாட் மதிப்பெண் ஐந்து வருடம் செல்லும். நாலாம் வருடம் செப்டம்பரில் அவசர அவசரமாக விண்ணப்பிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அந்த இடைவெளியில் அவள் டாலஸில் ஒரு சட்ட அலுவலகத்தில் இரண்டு வருடம் வேலை செய்தால், சட்டமா ஆராய்ச்சியா என்ற கேள்விக்கு அவளுக்கே பதில் கிடைத்துவிடும்.

மே 1க்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. இந்த வாரமே கிரினெலின் நிதி உதவி அலுவலகத்துக்கு, யூடி டாலஸின் சலுகைக் கடிதத்தை இணைத்து, மறுபரிசீலனை கேட்டு அவளையே எழுதச் சொல்லுங்கள். கேட்பதில் தப்பில்லை, அவர்கள் தினமும் இப்படிக் கடிதம் பார்க்கிறவர்கள். 45,000 என்பது 35,000க்குக் கீழே இறங்கினால் மேலே சொன்ன என் முடிவை நானே திரும்பப் பார்க்க வேண்டியிருக்கும். பதில் வந்ததும் எண்ணோடு எழுதுங்கள்.